ஊர்க் கணக்கை ஊரே படிப்பது: சமூகத் தணிக்கை பற்றி ஓர் எளிய அறிமுகம்

உங்கள் ஊரில் ஒரு தெருவுக்குத் தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம், பில் எல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பாக இருக்கும். தணிக்கையாளர் வந்து அந்தக் கோப்பைப் பார்ப்பார். மதிப்பீட்டுத் தொகைக்குள் பில் அடங்குகிறதா, போட வேண்டியவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று சரிபார்ப்பார். காகிதத்தோடு காகிதம் பொருந்திவிட்டால் பெரும்பாலும் கோப்பு மூடப்படும். சாலை உண்மையில் எவ்வளவு கனம், முதல் மழைக்கே ஜல்லி பெயர்ந்ததா, வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறவர் அன்றைக்கு வேலைக்கு வந்தாரா என்பதெல்லாம் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கோப்பை அந்தத் தெருக்காரர்கள் முன்னால் விரித்து, வரிவரியாகச் சத்தம் போட்டுப் படித்து, "இது நடந்ததா?" என்று கேட்பதற்குப் பெயர்தான் சமூகத் தணிக்கை. காகிதத்தைக் களத்தோடும், அதில் பெயர் எழுதப்பட்ட மனிதரோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த எளிய காரியத்தைச் செய்ய இந்தியாவில் பலர் பல வருடங்கள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

நல்ல தலைமை வேண்டும் என்று பேசும்போது, நேர்மையான ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நேர்மையானவர் வந்தால் நல்லதுதான். ஆனால் அவர் பதவிக்காலம் முடிந்து வேறொருவர் வருவார். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மக்கள் முன் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்கிற ஏற்பாடு இருந்தால், சுமாரான தலைவர்கூட ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்வார். எனக்கு இந்த ஏற்பாட்டில்தான் அதிக நம்பிக்கை.

கூலியில் தொடங்கிய கேள்வி

1987-ல் ராஜஸ்தானின் இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில், தேவ்துங்ரி என்ற சிற்றூரில், ஒரு சின்ன வீட்டில் சிலர் வந்து தங்கினார்கள். அவர்களில் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, 1970-களிலேயே அந்த வேலையை உதறியவர். இன்னொருவர் நிகில் தே என்ற இளைஞர். மூன்றாமவர் சங்கர் சிங், அந்தப் பகுதிக்காரர், பாட்டும் பொம்மலாட்டமுமாக ஊர் ஊராகப் போய்ச் செய்தியைக் கொண்டுசேர்ப்பதில் கெட்டிக்காரர்.

அது வறண்ட பூமி. மழை பொய்த்தால் அரசு நடத்தும் பஞ்ச நிவாரண வேலைதான் பல குடும்பங்களுக்குக் கதி. அந்த வேலைக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏன் குறைகிறது என்று கேட்டால், "நீங்கள் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள். அது அரசு ஆவணம், வெளியாட்களுக்குக் காட்ட முடியாது என்றார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல் போட்ட அலுவல் ரகசியச் சட்டத்தின் நிழல் அப்போதும் அலுவலகங்களில் விழுந்துகிடந்தது.

தன் உழைப்பைப் பற்றி எழுதிய காகிதத்தைத் தானே பார்க்க முடியாது! கூலிக்காகத் தொடங்கிய போராட்டம் ஆவணத்துக்கான போராட்டமாக மாறியது இந்த இடத்தில்தான். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு உருவானது. அதில் முழுநேரமாக வேலை செய்தவர்கள் தங்களுக்கும் குறைந்தபட்சக் கூலி அளவே எடுத்துக்கொண்டார்கள். ஊரைப் பார்த்துக் கணக்குக் கேட்பவர்கள் தங்கள் கணக்கில் இவ்வளவு கறாராக இருந்ததும் அவர்கள் பேச்சு எடுபட்டதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1994 டிசம்பர் 2 அன்று, பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. ஜன் சுன்வாய் என்பார்கள். கேட்டு வாங்கச் சட்டம் எதுவும் இல்லாத காலம் என்பதால், மனமுள்ள அதிகாரிகள் உதவியால் கிடைத்த வருகைப் பதிவேடுகளையும் பில்களையும் வைத்துக்கொண்டுதான் நடத்தினார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி வாங்கியதாகக் கைநாட்டு இருக்கிறது என்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் கூட்டத்தில் எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்பார். அடுத்தடுத்த மாதங்களில் பக்கத்து ஊர்களிலும் விசாரணைகள் நடந்தன. ஊரைவிட்டே போனவர்கள் பெயரிலும், செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது தெரியவந்தது. பாதியில் நின்றவையும் கட்டாதவையும்கூடக் காகிதத்தில் முடிந்த கட்டடங்களாக இருந்தன.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தேர்ந்த தணிக்கையாளராக மாறும் தருணம் அது. அவருக்குக் கணக்கியல் தெரியாது. ஆனால் அந்த நாளில் தான் எங்கே இருந்தோம் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சாட்சியத்தை எந்தப் பில்லாலும் மறைக்க முடியாது.

1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் உட்கார்ந்த தர்ணா 40 நாள் நீடித்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் முழக்கம். அந்த நாட்களில், நாலாவது வரை படித்த சுசீலா என்ற பெண்ணிடம் உங்களுக்கு எதற்கு இந்தத் தகவல் எல்லாம் என்று கேட்கப்பட்டது. அவர் சொன்ன பதில் இன்றுவரை பேசப்படுகிறது. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். அரசு என் பெயரில் கோடிக்கணக்கில் செலவு செய்கிறதே, அதற்கு நான் கணக்குக் கேட்கக் கூடாதா என்றார். தகவல் உரிமையைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997-ல் தமிழ்நாடு தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது. மாநிலங்களில் அதுதான் முதல் சட்டம் என்றாலும், விலக்குகள் ஏராளமாக இருந்ததால் பெரிய பயன் தரவில்லை. ராஜஸ்தான் 2000-ல் இயற்றியது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் (நூறு நாள் வேலைச் சட்டம்) 17-ஆம் பிரிவு, திட்டப் பணிகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தது. கோட் கிரானாவில் ஷாமியானாவுக்குக் கீழே நடந்தது சட்டத்துக்குள் வந்துவிட்டது.

எப்படி நடத்துகிறார்கள்?

சட்டத்தில் இருந்தாலும், ஊர்த் தலைவரே ஆள் பிடித்து ஊர்த் தலைவரின் கணக்கைப் படிக்கவைத்தால் என்ன ஆகும்? பல மாநிலங்களில் அப்படித்தான் ஆனது. இதை மாற்றிக் காட்டியது ஆந்திரப் பிரதேசம். அங்கே 2006-ல் ஒழுங்கான தணிக்கை தொடங்கியது, பிறகு அதற்கென்று தனி அமைப்பே உருவானது. வேலைக்குப் போகும் கூலிக் குடும்பங்களில் இருந்தே படித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் சொந்த ஊரைத் தணிக்கை செய்ய மாட்டார்கள், பக்கத்து ஊருக்குப் போவார்கள். உறவும் பகையும் கணக்கில் கலக்காமல் இருக்க இது அவசியம்.

ஆவணங்கள் முன்கூட்டியே கைக்கு வந்துவிட வேண்டும். அப்புறம் வீடு வீடாகப் போவார்கள். வேலை அட்டை, வங்கிப் புத்தகம், வருகைப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் நல்லது. பதிவேட்டில் 14 நாள், வங்கியில் வந்தது 9 நாள் கூலி என்றால் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. பிறகு வேலை நடந்த இடத்துக்குப் போய் நாடா பிடித்து அளப்பார்கள். வெட்டியதாகச் சொன்ன குளம் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம்? அளவீட்டுப் புத்தகத்தில் இருப்பதும் மண்ணில் இருப்பதும் ஒன்றா? கண்டுபிடித்ததையெல்லாம் முதலில் கிராம சபையில் படிப்பார்கள். அதன் பிறகு மண்டல அளவில் (நம் ஊர் ஒன்றியம் போன்றது), அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, பொது விசாரணை. அங்கே கூலிக்காரரின் மகனோ மகளோ மைக்கைப் பிடித்து, இந்தப் பக்கத்தில் இந்த வரிக்கு விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்பார்.

அந்தக் காட்சியின் அருமை புரிய, நம் கிராமத்து அலுவலகங்களில் ஒரு கூலித் தொழிலாளி எப்படி நிற்கவைக்கப்படுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில், யாராவது கூப்பிடும்வரை. அவருடைய பிள்ளை அதே அலுவலகத்துக் கோப்பைத் திறந்து கேள்வி கேட்கிறார் என்பது பணம் திரும்பி வருவதைவிடப் பெரிய மாற்றம்.

2011-ல் மத்திய அரசு, நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரோடு ஆலோசித்து, இதற்கென விதிகள் வகுத்தது. தணிக்கை செய்யும் அமைப்பு திட்டத்தை நடத்தும் துறைக்குக் கட்டுப்படாமல் தனித்து இயங்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தணிக்கை நடக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. தமிழ்நாட்டிலும் சமூகத் தணிக்கைக்கென ஒரு சங்கம் அமைந்தது. மேகாலயா 2017-ல் ஒரு படி மேலே போய், பல துறைகளின் திட்டங்களுக்கும் சமூகத் தணிக்கையைச் சட்டமாகவே ஆக்கியது. ரேஷன் திட்டத்துக்கும் இது பொருந்தும். 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சொல்கிறது.

கணக்கு சரி, நியாயம்?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம், குடவோலை முறை. அதில் ஒரு விதி உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி போட்டியில் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய விதி. படிக்கும்போது பெருமையாக இருக்கும். ஆனால் அதே கல்வெட்டு, நிற்பவருக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அது ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. அந்த நிலத்தில் உழைத்தவருக்கோ, எந்தப் பெண்ணுக்கோ அங்கே இடம் இல்லை. கணக்குக் கறாராக இருந்தது. கேட்கும் உரிமை ஒரு சிலருக்கு மட்டும் இருந்தது.

இன்றைக்குச் சட்டப்படி அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் அத்தனை பேரும் கிராம சபை உறுப்பினர்கள். ஆனால் 1996-ல் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் பத்து வருடம் முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை, 2006-ல்தான் நடந்தது. 1997 ஜூனில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலைவராக ஆனதுதான் அவர் செய்த ஒரே காரியம். எனவே கிராம சபைக்கு வந்து கேள்வி கேளுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி அறிவுரை சொல்லிவிட முடியாது. ஒருவருக்குக் கை தூக்குவது சாதாரணம். இன்னொருவருக்கு மறுநாள் வேலை போகும், தண்ணீர் நிற்கும்.

இதில் சமூகத் தணிக்கை இன்னொரு விதத்தில் உதவுகிறது என்று நான் நம்புகிறேன். திருட்டைக் கண்டுபிடிப்பதோடு அதன் பயன் முடிந்துவிடுவதில்லை. ஒரு ஊராட்சியில் ஒரு பைசாகூடக் களவு போகாமல் இருக்கலாம். இருந்தும் கடந்த ஐந்து வருடத்தில் போட்ட சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் தெருவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் இனத்தவர் குடியிருக்கும் தெருவுக்கு எது வந்தது, எப்போது வந்தது, எத்தனை மீட்டரில் நின்றுபோனது என்று தெரிந்துவிடும். சுடுகாட்டுப் பாதை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதும் தெரியும். பில்கள் அத்தனையும் சுத்தமாக இருந்தாலும், இந்தத் தாள் அநியாயத்தைக் காட்டிக்கொடுக்கும். இதைத் தயாரிக்க எந்த அரசு அதிகாரியின் அனுமதியும் வேண்டாம். நான்கைந்து கல்லூரி மாணவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எங்கே தொடங்கலாம்?

ஒரே ஒரு பணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊழலையெல்லாம் ஒழிப்பதாகக் கிளம்பினால் மூன்றாவது வாரம் களைத்துவிடுவீர்கள். ஒரு சாலை, ஒரு குளம், ஒரு அங்கன்வாடிக் கட்டடம், போதும்.

அந்தப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம், பணம் கொடுத்த பில்கள் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாராவது கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல் அலுவலருக்கு முதல் முறையீடு, அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு உரிமை இருக்கிறது. நகல் வாங்குவதோடு, பணி நடக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் முடியும். சிமென்ட்டும் மணலும் என்ன விகிதத்தில் கலக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இதைவிட நேரான வழி இல்லை.

மனுவில் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. "இந்தப் பணிக்கான அளவீட்டுப் புத்தகத்தின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆவணம் வந்ததும் தெருக்காரர்களிடம் காட்டுங்கள். வெளியே போகாமல் உங்களிடமே இருந்தால் அது வெறும் தாள்.

தமிழ்நாட்டில் இப்போது கிராம சபைக்கு வருடத்தில் ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. கிராம சபை செல்லுபடியாக இத்தனை பேர் வர வேண்டும் என்று மக்கள்தொகைக்கு ஏற்ற குறைவெண் வரம்பு உண்டு. 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சி என்றால் 100 பேர். பல ஊர்களில் பதிவேட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கிறது. இளைஞர்கள் முதலில் செய்யக்கூடியது, கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வது. அடுத்தது அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டங்களின் பதிவேட்டையும் பார்க்கலாம்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. 2025 ஜனவரியில், புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகள் மீது தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி மோதிக் கொல்லப்பட்டார். பெரிய பணம் புழங்கும் இடத்தில் தனி ஆளாகப் போகாதீர்கள். ஒரே தகவலை ஏழெட்டுப் பேர் தனித்தனியாகக் கேட்டு மனுப் போடுங்கள். ஒருவரை மிரட்டிப் பயனில்லை என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும். ராஜஸ்தானில் ஆவணத்தைக் கூட்டத்தில் படித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஊரே கேட்டுவிட்ட ஒன்றை யாரும் அமுக்க முடியாது. மிரட்டல் வந்தால் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

புதிதாக ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. 2023-ல் இயற்றிய எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. முன்பு தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. திருத்தம் அதை எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. பயனாளிகளின் பெயர்ப் பட்டியல், வருகைப் பதிவேடு இவற்றையும் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க இது வழிவிடும் என்பதுதான் இந்த இயக்கத்தில் இருப்பவர்களின் கவலை. அது நியாயமான கவலை. பெயரைப் படிக்காமல் சமூகத் தணிக்கை நடத்த முடியாது. செத்தவர் பெயரில் கூலி எடுத்ததைக் கண்டுபிடிக்க, முதலில் அந்தப் பெயரைக் கேட்டாக வேண்டும். 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்று அது சொல்கிறது. மறுப்பு வந்தால் முறையீட்டில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தணிக்கையில் கண்டுபிடித்த பணம் முழுவதும் திரும்பி வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண்டுபிடிப்பதற்கும் வசூலிப்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது, அது பெரும்பாலும் அதே அலுவலகங்கள் வழியாகவே போகிறது. அதனால் கிராம சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறினால், அன்றைக்கே அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகலை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபை தொடங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த நகலில் இருக்கும் முதல் தீர்மானம் என்ன ஆனது என்பதுதான்.